கரும்பின் மரபு கண்டவர்

நுழையும்முன்

ஒருவர் செய்த ஆய்வு எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை இன்று எண்களால் அளக்கின்றனர். அவருடைய கட்டுரைகள் பிறரால் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டப்பெற்றன என்பதே அந்த அளவுகோல். அளவுகோல் பிறப்பதற்கு முன்பே தம் பெரும்பணியை முடித்துவிட்ட ஒருவரை எவ்வாறு அளப்பது? வயலில் நிற்கும் கரும்பிலும், ஆய்வகத்தில் புரட்டப்படும் நூலிலும், வெட்டப்படாமல் தப்பிய காட்டிலும் வாழும் தாவர மரபியல் அறிஞர் ஜானகி அம்மாளின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

தொட்டிலாகும் கரும்பு

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழா நடைபெறும் நாள்களில் மாட வீதிகளில் கண்கொள்ளாக் காட்சி ஒன்றைக் காணலாம். நெடிய கரும்புகளில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் தம் குழந்தையைக் கிடத்தி, தாயும் தந்தையும் முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து அண்ணாமலையாரின் கோயிலை வலம் வருவர். குழந்தைப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டவர்கள் நிறைவேற்றும் நேர்த்திக்கடன் அது. பிள்ளையில்லாத வல்லாள மன்னனுக்கு இறைவனே மகனாக வந்தான் என்னும் இவ்வூர்த் தொன்மமும் இவ்வழக்கத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது.

தமிழர் வாழ்வில் கரும்பின் இடம் மிகத் தொன்மையானது. கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று தெரிவிக்கிறது. அந்த அதியமான் ஆண்ட தகடூர், திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் கணவாயைக் கடந்து சென்றால் வரும் நாடேயாகும்.

விழாக் காலத்தில் தொட்டிலைத் தாங்கும் கரும்பு, ஏனைய நாள்களில் இம்மாவட்டத்து உழவர்களின் வாழ்வைத் தாங்குகிறது. எந்த ரகத்தை நட்டிருக்கிறீர்கள் என்று உழவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கோ 86032 போன்ற பெயரொன்றைச் சொல்லுவார். அப்பெயரின் முன்னே நிற்கும் கோ என்னும் எழுத்து, கோயம்புத்தூரைக் குறிக்கும். அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் உருவான ரகம் என்பது அதன் பொருள். ஊரின் பெயர் ஒவ்வொரு வயலிலும் ஒலிக்கிறது. அந்நிலையத்தில் கரும்பின் மரபை நுண்ணோக்கியின் வழியே கண்டறிந்தவர்களுள் முதன்மையான ஒருவரின் பெயரையோ அறிந்தவர் சிலரே. அவரே இ. க. ஜானகி அம்மாள்.

பிறப்பும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார்ப் பகுதியில் உள்ள தலச்சேரியில் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ஜானகி பிறந்தார். தந்தையார் இடவலத்து கக்காட்டு கிருஷ்ணன், நீதித்துறையில் பணியாற்றியவர். சட்ட நூல்களோடு இயற்கையையும் கற்றவர்; வட மலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதியவர். தாயார் தேவி குருவாயி. உடன்பிறந்தார் பலரைக் கொண்ட அப்பெரிய குடும்பத்தில் தோட்டமும் நூலகமும் ஜானகிக்கு முதற்பள்ளிகளாக அமைந்தன.

உடன்பிறந்த பெண்கள் குடும்பத்தார் பார்த்த மணவாழ்க்கையை ஏற்றுக்கொண்டனர். ஜானகியோ படிப்பைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாயிருந்த காலத்தில் இம்முடிவை எடுக்கப் பெருந்துணிவு தேவைப்பட்டது.

தலச்சேரியில் பள்ளிக்கல்வியை முடித்த அவர், சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி 1914-இல்தான் தொடங்கப்பெற்றிருந்தது. பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்று 1921-இல் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

கீழைநாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அதனைப் பெற்று 1924-இல் அவர் கடல் கடந்தார். அங்கு முதுகலைப் பட்டமும், 1931-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக அவர் போற்றப்படுகிறார். நாடு திரும்பிய பின் திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை தாவரவியல் பேராசிரியராக விளங்கினார்.

கோவையில் ஐந்தாண்டுகள்

இனிக்கும் கரும்பு எளிதில் நோய்க்கு ஆட்படும்; குளிரையும் வறட்சியையும் தாங்காது. ஆற்றங்கரைகளில் நாணல்போல் வளரும் காட்டுக்கரும்போ மெலிந்தது. அதில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் எந்நிலத்திலும் தாக்குப்பிடிக்கும். இவ்விரண்டையும் கலந்தால் இனிமையும் வலிமையும் ஒருங்கே அமையுமன்றோ? இந்த எண்ணத்தின் அடிப்படையில் 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. கரும்பு நன்கு பூக்கும் தட்பவெப்பம் அங்கு நிலவியதால் அவ்வூர் தெரிவுசெய்யப்பட்டது. நாட்டுக்கரும்பையும் காட்டுக்கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் ரகம் 1918-இல் வெளியிடப்பட்டது. டி. எஸ். வெங்கட்ராமன் முதலிய அறிஞர்கள் இப்பணியை வளர்த்தெடுத்தனர். வெளிநாட்டுச் சர்க்கரையை எதிர்பார்த்திருந்த நாட்டின் நிலை இதனால் மாறத் தொடங்கியது.

கலப்பினங்கள் வயலில் வெற்றி பெற்றன. ஆனால் அவ்வெற்றியின் உட்காரணம் என்ன? எந்தக் காட்டுக்கரும்பை எந்த நாட்டுக்கரும்போடு சேர்த்தால் வித்துத் தங்கும்? எது மலடாகப் போகும்? இவற்றை அறியச் செல்லுக்குள் நுழைந்து பார்க்கவேண்டியிருந்தது. அப்பணிக்காகவே 1934-இல் ஜானகி அம்மாள் மரபியல் வல்லுநராகக் கோவைக்கு வந்தார்.

உயிரினங்களின் மரபுப் பண்புகளைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துச் செல்பவை குரோமோசோம்கள். மனிதச் செல்லில் அவை 46, நெல்லில் 24. நாட்டுக்கரும்பில் 80. காட்டுக்கரும்பிலோ எண்ணிக்கை ஒரே நிலையில் நிற்பதில்லை. இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை அது வேறுபடுகிறது. வேர்நுனியை வெட்டியெடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து, நூலிழைபோல் தோன்றும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வரைந்து எண்ணவேண்டும். கணினியோ மின்னணுக் கருவியோ இல்லாத நாளில் கண்ணும் கையும் பொறுமையுமே ஆய்வாளரின் கருவிகள்.

இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய காட்டுக்கரும்புகளின் குரோமோசோம்களை அவ்வாறு எண்ணி, அவற்றின் வேறுபாடுகளை 1936-இல் கட்டுரையாக வெளியிட்டார். காட்டுக்கரும்பின் தாயகம் இந்தியாவே என்னும் கருத்துக்கு அவ்வாய்வுகள் வலுச்சேர்த்தன. கரும்பை அதன் உறவுப் புற்களோடு கலந்து பார்க்கும் அரிய முயற்சியிலும் அவர் இறங்கினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்ததைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938-இல் உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் வெளிவந்தது. பேரினம் கடந்த இத்தகைய கலப்புகளின் செல்லியலை விரிவாக விளக்கும் நெடுங்கட்டுரை 1941-இல் மரபியல் ஆய்விதழ் ஒன்றில் இடம்பெற்றது.

ஆய்வில் உயர்ந்தபோதும் பணியிடத்தில் அவர் பாதை மலர் விரித்ததாக இல்லை. பெண், மணமாகாதவர், பிற்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். இம்மூன்றும் உடன்பணியாற்றிய ஆண்களிடையே அவருக்குத் தடைகளாக அமைந்தன என்று அவர் வரலாற்றை ஆய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். அவரோ தம் மறுமொழியை ஆய்விதழ்களில் எழுதினார். 1935-ஆம் ஆண்டிலேயே இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

தெரியுமா?
கால்ச்சிசின் என்னும் பொருள் செல் பிரியும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வல்லது. தாவர மரபியலில் பெரிதும் பயன்படும் இப்பொருள் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. இது கொடிய நஞ்சுமாகும்.

போர்க்காலத்தில் பிறந்த நூல்

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு கூடியது. அதில் கலந்துகொள்ள ஜானகி அம்மாள் சென்றிருந்தார். மாநாட்டு நாள்களிலேயே போர்மேகங்கள் சூழ்ந்தன. செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் போரை அறிவித்தது. தாயகம் திரும்பும் வழி அடைபட்டது. மாநாட்டுக்கென்று சென்றவர், இங்கிலாந்திலேயே பல்லாண்டுகள் தங்க நேர்ந்தது.

இலண்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை செல்லியலாளராகப் பணியாற்றினார். அங்கு குரோமோசோம் ஆய்வில் உலகின் முன்னணி அறிஞரான சிரில் டீன் டார்லிங்டனோடு இணைந்து பணிபுரியும் வாய்ப்புக் கிட்டியது. வானிலிருந்து குண்டுகள் விழுந்த நகரத்தில், செடிகளின் செல்களை எண்ணும் பணி நிற்காமல் நடந்தது. அதன் விளைவே, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் விவரத் தொகுப்பாக 1945-இல் வெளிவந்த பெருநூல். டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் அதன் ஆசிரியர்கள்.

எந்தப் பயிருக்கு எத்தனை குரோமோசோம்கள், அதை எண்ணியவர் யார், அப்பயிரின் பிறப்பிடம் எது என்பவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தந்தது அந்நூல். உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆய்விதழ்களைத் தேடி அலையவேண்டிய உழைப்பிலிருந்து அது பயிர் ஆய்வாளர்களை விடுவித்தது. ஓர் அகராதியைப்போல் நாள்தோறும் கையில் எடுக்கப்பட்டது.

போருக்குப் பின் அரசத் தோட்டக்கலைக் கழகம் விஸ்லியில் உள்ள தன் தோட்டத்தில் பணியாற்ற அவரை அழைத்தது. அங்கு அவர் மக்னோலியா மரக்கன்றுகளில் கால்ச்சிசினைச் செலுத்திக் குரோமோசோம்களைப் பெருக்கினார். அவ்வாறு உருவான மக்னோலியா வகையொன்று இன்றும் ஜானகி அம்மாள் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

மேற்கோளும் பெயரும்

இங்குச் சற்று நின்று மேற்கோள் என்பதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். ஆய்வுக்கட்டுரை எழுதுவோர், தமக்கு முன் அத்துறையில் உழைத்தவர்களின் பெயரையும் கட்டுரையையும் சுட்டுவது மரபு. பட்ட கடனை ஒப்புக்கொள்ளும் நன்றியறிதல் அது. மேலை அறிவியலுக்கு மட்டும் உரியதன்று இம்மரபு. தமிழ் உரையாசிரியர்கள் தம் கருத்துக்கு அரணாக முன்னோர் பாடல்களை எடுத்துக்காட்டினர். அதியமானின் நகரைச் சேரன் வென்ற போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. உரையில் எடுத்துக்காட்டப்பட்டும், புறத்திரட்டில் தொகுக்கப்பட்டும் அதன் பாடல்கள் சில மட்டும் எஞ்சின. நூல் மறைந்தபோதும் மேற்கோள் அதனைக் காத்தது.

அறிவியலில் மேற்கோள்களை முறையாக எண்ணும் வழக்கம் 1964-இல் தொடங்கியது. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு அவ்வாண்டில் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் சுட்டினர் என்பதை அதில் தேடி அறியலாம். 2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் மற்றோர் அளவையை முன்மொழிந்தார். ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோளாகியிருந்து, பதினொன்று என்னும் எண்ணுக்கு அந்நிலை பொருந்தாதிருந்தால், அவருடைய குறியீடு பத்து. இன்று பணி நியமனங்களிலும் பதவி உயர்வுகளிலும் இத்தகைய எண்கள் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

இந்த அளவுகோலை ஜானகி அம்மாளின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முதலில் அவர் பெயரே சிக்கலாகிறது. இடவலத்து, கக்காட்டு என்பவை குடும்பப் பெயர்கள்; ஜானகி என்பது அவருடைய பெயர்; அம்மாள் என்பது பெண்ணை மதித்து அழைக்கும் சொல். பெயரின் இறுதிச்சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மேலைநாட்டு வழக்கம் இதனை அறியாது. அதனால் அவருடைய நூலும் கட்டுரைகளும் சிலவிடத்தில் ஜானகி அம்மாள் என்றும், சிலவிடத்தில் வெறும் அம்மாள் என்றும், சிலவிடத்தில் இரண்டையும் சிறுகோட்டால் இணைத்தும் குறிக்கப்படுகின்றன. அகரவரிசையில் தேடினால் ஒருவரே இருவராகவும் மூவராகவும் பிரிந்து நிற்பார்.

இரண்டாவது, அவர் இணைந்து உருவாக்கிய பெருநூலின் கதை. 1955-இல் அந்நூல் விரிவுபடுத்தப்பெற்று, பூக்கும் தாவரங்களின் குரோமோசோம் விவரத் தொகுப்பு என்னும் பொருள்படும் புதிய தலைப்புடன் வெளிவந்தது. அப்பதிப்பின் ஆசிரியர்களாக டார்லிங்டன், வைலி என்னும் இருவர் பெயர்களே உள்ளன. புதிய பதிப்பு வந்தபின் ஆய்வாளர்கள் அதனைச் சுட்டுவது இயல்பு. முதற்பதிப்பில் அடித்தளமிட்டவரின் பெயர் அச்சுட்டுதலில் இடம்பெறாது.

மூன்றாவது, நோக்கீட்டு நூல்களுக்கே உரிய நிலை. அனைவரும் அறிந்த பொதுவுண்மையாக ஒரு செய்தி மாறிவிட்டால், அதைக் கண்டவரின் பெயரை யாரும் சுட்டுவதில்லை. ஊருணி நீரைப் பருகுவோர் அதைத் தோண்டியவரை எண்ணிப் பார்ப்பதில்லை அன்றோ?

இதனால் மேற்கோள் எண்ணிக்கை பயனற்றது என்பது பொருளன்று. ஓர் ஆய்வு எங்கெல்லாம் சென்று சேர்ந்தது என்பதை அறிய அது நல்ல வழிகாட்டி. ஆயினும் எண் சொல்லாமல் விடுவதை வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியுமா?
சில உயிரினங்களில் குரோமோசோம் தொகுதி இரண்டு மடங்குக்கு மேலாகப் பெருகியிருப்பதைப் பன்மடியம் என்பர். கரும்பும் கோதுமையும் பன்மடியப் பயிர்களே. இமயமலையின் குளிரும் ஈரமும் மிக்க வடகிழக்கில் பன்மடியத் தாவரங்கள் மிகுதி என்றும், குளிரும் வறட்சியும் கொண்ட வடமேற்கில் அவை குறைவு என்றும் ஜானகி அம்மாள் விளக்கினார்.

தாயகம் அழைத்தது

விடுதலை பெற்ற இந்தியா தன் தாவரச் செல்வத்தைத் தானே கணக்கெடுக்க விரும்பியது. 1890-இல் ஆங்கிலேயர் நிறுவிய இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் அப்போது நலிந்திருந்தது. அதனைச் சீரமைத்துத் தருமாறு பிரதமர் ஜவகர்லால் நேரு 1951-இல் ஜானகி அம்மாளை அழைத்தார். இங்கிலாந்தில் நிலையான பணியும் மதிப்பும் இருந்தும் அவர் தாயகம் திரும்பினார். சிறப்பு அலுவலராக அந்நிறுவனத்தைச் சீரமைத்தார்; அலகாபாத்தில் அமைந்த மையத் தாவரவியல் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். பின்னர் ஜம்முவில் வட்டார ஆய்வகத்திலும், சிறிது காலம் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றினார்.

புவியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றி வருகிறான் என்பதை ஆராய 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூடியது. அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் பிழைப்புக்கான வேளாண்மையைப் பற்றி அவர் அங்குக் கட்டுரை வழங்கினார். சுற்றுச்சூழல் என்னும் சொல்லே பரவாத காலத்தில், காடும் பயிரும் பழங்குடி மக்களின் தாவர அறிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவர் உணர்ந்திருந்தார். செல்லுக்குள் பார்க்கப் பழகிய கண், காட்டையும் அதே கூர்மையோடு பார்த்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956-இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இந்திய அரசு 1977-இல் பத்மஸ்ரீ விருது அளித்தது.

மதுரவாயல் தோட்டம்

1970-இல் அவர் சென்னைக்குத் திரும்பினார். ஐம்பதாண்டுகளுக்கு முன் மாணவியாய்க் கற்ற நகரத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளராக அமர்ந்தார். மதுரவாயலில் இருந்த அம்மையத்தின் கள ஆய்வகமே அவருக்கு வீடும் பணியிடமும் ஆயிற்று. எளிய வாழ்வு. சுற்றிலும் மூலிகைத் தோட்டம். எழுபது வயதைக் கடந்தபின்னும் ஆய்வுக்கட்டுரைகளை எழுதிக்கொண்டே இருந்தார்.

எண்பதாம் வயதை எட்டியபோது அவர் முன் மற்றொரு கடமை வந்து நின்றது. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிடப்பட்டது. அணை வந்தால் தொன்மையான மழைக்காடு நீரில் மூழ்கும். அறிஞர்களும் எழுத்தாளர்களும் மாணவர்களும் அதனை எதிர்த்தனர். ஜானகி அம்மாளும் அவர்களோடு சேர்ந்தார். அரசின் திட்டங்களில் பொறுப்பு வகித்த ஒருவர், காட்டின் பக்கம் நின்று பேசியது பெரிதும் கவனிக்கப்பட்டது. அவர் எதிர்ப்போடு நிற்கவில்லை. அப்பள்ளத்தாக்கின் தாவரங்களுடைய குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். காக்க வேண்டியது எது என்பதை அறிந்தால்தான் அதனைக் காக்க இயலும் என்பது அவர் செயல் உணர்த்திய பாடம்.

1984-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தம் மதுரவாயல் ஆய்வகத்தில் பணியில் இருந்த நிலையிலேயே அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்க அவர் இல்லை. காடு இருந்தது.

பெயர் வாழும் இடங்கள்

ஜம்முவில் அமைந்த உலர்தாவரத் தொகுப்பகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. தாவர வகைப்பாட்டியலில் சிறந்த பணியாற்றுவோர்க்கு நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரால் விருது வழங்குகிறது. கொடைக்கானலில் ரோசா வளர்ப்போர் தாம் உருவாக்கிய மஞ்சள் ரோசா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2019-இல் அடையாளம் காணப்பட்ட பல்லி இனமொன்றின் அறிவியற்பெயரிலும் ஜானகி இருக்கிறார்.

எனினும் அவர் மிகுதியாக வாழும் இடம் பெயர் எழுதப்படாத இடமே. இன்று பயிர் மரபியல் கற்கும் மாணவர் ஒருவர் கரும்பின் குரோமோசோம் எண்ணிக்கையைப் படிக்கிறார். எண்ணிய கையை அவர் அறியார். கரும்புத் தொட்டிலைச் சுமந்து மாட வீதியில் நடக்கும் தாயும், கோ ரகத்தை நட்டுவிட்டு மழைக்காகக் காத்திருக்கும் உழவரும் அவரை அறியார். அறியாமையால் கரும்பின் இனிமை குறைந்துவிடாது. ஆனால் ஒரு பெண், தலச்சேரியில் புறப்பட்டு, தடைகளைத் தாண்டி, நுண்ணோக்கியின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து இதனைச் செய்தார் என்பதை அறிந்தால், இன்னொரு மாணவிக்கு அது வழித்துணையாகும்.

ஆகவே, பிறர் உழைப்பை எடுத்தாளும்போது அவர் பெயரைச் சரியாகவும் முழுமையாகவும் சுட்டுவது வெறும் விதியன்று, அறம். தாம் எழுதும் முதல் கட்டுரையிலேயே அவ்வறத்தைக் கடைப்பிடிக்கும் மாணவர், ஜானகி அம்மாளுக்கு உரிய கடனில் ஒரு பங்கைச் செலுத்தியவர் ஆவார்.

சொல்லும் பொருளும்
பேரினம் – நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதி
கலப்பினம் – வேறுபட்ட இரண்டு வகைகளைச் சேர்த்து உருவாக்கிய வகை
செல்லியல் – செல்லின் அமைப்பையும் செயலையும் ஆராயும் துறை
நோக்கீட்டு நூல் – வேண்டும்போது விவரம் தேடி எடுக்க உதவும் நூல்
ஊருணி – ஊரார் பருகும் நீர்நிலை

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரில் பயிரிடப்படும் கரும்பு அல்லது நெல் ரகங்களின் பெயர்களை உழவர்களிடம் கேட்டறிந்து, அப்பெயர்களின் பொருளைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள உரைநூல் ஒன்றில் உரையாசிரியர் எடுத்துக்காட்டியுள்ள பிற நூல்களைப் பட்டியலிடுக.

குறுவினா
1. கோ என்னும் எழுத்து கரும்பு ரகங்களின் பெயரில் எதனைக் குறிக்கிறது?
2. காட்டுக்கரும்பை நாட்டுக்கரும்போடு கலந்ததன் நோக்கம் யாது?

சிறுவினா
1. ஜானகி அம்மாளின் பெயர் மேற்கோள் அட்டவணைகளில் பிரிந்து நிற்கக் காரணம் என்ன?
2. தகடூர் யாத்திரை வழியாக மேற்கோளின் பயனை விளக்குக.

நெடுவினா
ஓர் ஆய்வாளரின் பணியை எண்களால் மட்டும் அளந்துவிட இயலுமா? ஜானகி அம்மாளின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு கட்டுரை வரைக.